பாவக்காவின் பெட்டி

காலையில் எழுகிறேன். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சுகிறேன். சீனி டப்பா பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. சாவியை எடுத்துத் திறந்து, ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, மறுபடி பூட்டுகிறேன். காப்பி குடிக்கிறேன். முட்டை ஒன்றை அவித்து உரித்து, சோற்றோடு பிசைந்து, பாவக்காவின் முன்னால் வைக்கிறேன். பாவக்கா மோந்து பார்க்கிறான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மெதுவாக எழுந்து போய்ச் சமையலறை மூலையில் இருக்கும் பெட்டியின் முன் உட்காருகிறான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. சோற்றை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காகங்களுக்குக் கொட்டுகிறேன். தட்டைக் கழுவுகிறேன். துறைமுகத்துக்கு ஃபோன் செய்து இன்றைக்கும் வரவில்லை என்கிறேன். சரி என்கிறார்கள்.

பாவக்கா ஒரு நாய். அந்தப் பெட்டியிலிருந்து மட்டும்தான் சாப்பிடுவான். பெட்டி திறக்க வேண்டுமென்றால் என் மனைவி பியூலாவின் ரத்தத்தில் சர்க்கரை சரியான அளவில் இருக்க வேண்டும். பியூலா போன வாரம் இறந்துவிட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் சுகர் வந்தது. டைப் ஒன். உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. இனிப்பு தின்றதால் வருவதல்ல, பாகற்காய் தின்றால் போவதுமல்ல. தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு இதை அவள் விளக்கியிருப்பாள். மீதிப் பேர் கேட்கத் தயாராக இல்லை. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஆலய வாசலில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: பாவக்கா சாப்பிடுதியாம்மா?

அதனால் நாய் வந்தபோது அதற்குப் பாவக்கா என்று பேர் வைத்தாள். அதன் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்.

“பாவக்காவா? ராத்திரி என் பக்கத்துலதான படுக்கான்.”

கேட்டவர் என்னைப் பார்ப்பார். நான் வேறெங்காவது பார்ப்பேன்.

நாயைக் கொடுத்தது இணைநலம் என்ற நிறுவனம். சுகர் உள்ள சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஆளுக்கொரு வளர்ப்புப் பிராணி. நாய், பூனை, முயல், எது வேண்டுமோ அது. கூடவே ஒரு பெட்டி. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருவரும் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். சுகருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேன்டீனில் கேட்டேன்.

“என்னப் பாத்துக்க எனக்குச் சோம்பல், செல்வின். இவனப் பாத்துக்கச் சோம்பல் இல்ல. அதக் கண்டுபிடிச்சிட்டாங்க. நான் என் கையில இருக்க சென்சாரோட நம்பரப் பாத்தா வீட்டுல பெட்டி தொறக்கும், இவன் தின்பான். நம்பர் நல்லாருக்கணும்னு இல்ல. பாத்தாப் போதும்.”

“நீ பாக்காம கையால போட்டா?”

“திங்க மாட்டான். தட்டுல வச்சாலும் திங்க மாட்டான். குட்டியிலயே பழக்கிட்டாங்க. மனுசன் எதையாவது நீட்டுனா கழுத்துப்பட்டி அதிரும். இப்பப் பட்டியே வேண்டாம். அவனே திரும்பிக்கிடுதான்.”

இது கொடுமை இல்லையா என்றேன். யோசித்தாள். கொஞ்சம் கொடுமைதான் என்றாள். ஆனால் வேலை செய்கிறது என்றாள்.

வேலை செய்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. நம்பரைப் பார்த்தால் அதைச் சரிசெய்யவும் கை தானாகப் போகும். அந்த வருடம் அவளுடைய மூன்று மாதப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் வேறு யாருடையதோ என்று சந்தேகப்பட்டார். விடுதியில் மற்றவர்கள் முன்னால் ஊசி போட வெட்கப்பட்டு நிறுத்தியிருந்த ஒரு பையன், ஒரு முயலுக்காகத் திரும்ப ஆரம்பித்தான். தன்னை மறந்துவிடும் பிள்ளைகள் தன்னை நம்பியிருக்கும் ஒன்றை மறப்பதில்லை. இணைநலம் கண்டுபிடித்தது அதைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டல் மண்டபத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். மாவட்ட ஒருங்கிணைப்பாளர் இளமாறன் பேசினார். சென்னைக்காரர். நல்ல மாதிரியான மனிதர், எல்லாப் பிராணிகளின் பேரும் அவருக்குத் தெரியும். இனிமேல் நம்பரைப் பார்த்தால் மட்டும் போதாது என்றார். நம்பர் பச்சைக் கோட்டுக்குள் வந்து சில மணி நேரம் அங்கேயே நின்றால்தான் பெட்டி திறக்கும். தொடர்ந்து திறக்காமலே இருந்தால் பிராணியின் நலன் கருதி வண்டி வந்து எடுத்துப்போகும். திரையில் ஒரு வரைபடம் காட்டினார். பிள்ளைகளின் சர்க்கரை அளவு கீழே இறங்கியது. பெற்றோர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை.

பியூலா எழுந்தாள்.

“சார், இதுவர நான் பாத்தா அவனுக்குச் சோறு. இனிமே நான் ஜெயிச்சாத்தான் சோறு. அப்படித்தான?”

“ஜெயிக்கறதுன்னு ஏன் நினைக்கறீங்க? ஒரு ஊக்கம்னு எடுத்துக்கங்களேன்.”

“எனக்குக் காய்ச்சல் வந்தா நம்பர் ஏறும். இந்தப் புள்ளைங்களுக்குப் பரீட்சைன்னா ஏறும். மாசாமாசம் ஏறும். நான் ஒண்ணுமே தப்புப் பண்ணாட்டியும் ஏறும். அதுக்கெல்லாம் அவன் பட்டினியா?”

“அந்த மாதிரி நேரம் ரொம்பக் குறைவும்மா. நாங்க கணக்கு எடுத்துட்டோம்.”

“எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு சார். ஒரு ஆளத் தூக்கிட்டுப் போயி வச்சிக்கிட்டு, வீட்டுக்கு ஃபோன் போடுவாங்கல்லா. அது.”

பிள்ளைகள் சிரித்தார்கள். இளமாறனும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அடுத்த வரைபடத்துக்குப் போனார். பஸ்ஸில் திரும்பினோம். வாகைகுளம் தாண்டும்போது ஒன்று மட்டும் சொன்னாள். நாய் நல்லதுதான், பூட்டுதான் ஆகாது என்றாள்.

புதிய முறைக்குச் சம்மதம் கேட்டு ஃபோனில் செய்தி வந்தது. அவள் அதை அமுக்கவில்லை. சில நாளில் பெட்டி தானாகவே மாறிக்கொண்டது.

இந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சர்க்கரை ஏறியது. இறங்கவில்லை. முதல் நாள் பாவக்கா பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவள் கட்டிலின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கேட்கவில்லை, குரைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். நாளை காலைக்குள் பெட்டி திறக்காவிட்டால் பிராணி இடமாற்றம் செய்யப்படும் என்று செய்தி வந்தது. அவள் ஃபோன் செய்தாள். பதிவுசெய்த குரல் நலம் விசாரித்தது. இடுப்பில் இணைநலம் மாட்டிவிட்டிருந்த பம்பில் கூடுதல் இன்சுலின் கேட்டாள். காய்ச்சல் நேரத்தில் அவ்வளவு தரக் கூடாது என்று பம்ப் மறுத்துவிட்டது. ஃப்ரிட்ஜில் பழைய இன்சுலின் ஊசி இருந்தது.

நான் அப்போது துறைமுகத்தில் இருந்தேன். அங்கே என் வேலை, ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கிரேன்களை இயக்குவது. விடிந்து வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பாவக்கா காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் தரையில் கிடந்தாள். சட்டை முழுக்க வேர்வை. சர்க்கரை பச்சைக் கோட்டையும் தாண்டிக் கீழே போயிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். குளுக்கோஸை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். இடையில் கண்ணைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இல்லை.

அன்று காலை தின்றதுதான் பாவக்கா கடைசியாகத் தின்றது.

கால்நடை டாக்டர் இரண்டு முறை ட்ரிப்ஸ் ஏற்றினார். தண்ணீர் குடிக்கிறான், அதனால் இன்னும் சில நாள் தாங்குவான் என்றார். முட்டை, கோழி ஈரல், பிஸ்கட், பால் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். என் கையிலிருந்து, தட்டிலிருந்து, தரையிலிருந்து. ஒவ்வொரு முறையும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடக்கம் முடிந்து சில நாளில் இளமாறன் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்காராமல் பாவக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பாவக்கா வாலை இரண்டு தட்டுத் தட்டினான். இளமாறன் அவன் விலா எலும்பைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“இவனை எங்ககிட்ட கொடுங்க சார். பெட்டியை வேற ஒரு குழந்தையோட எண்ணுக்கு மாத்தினா இன்னிக்கே சாப்பிடுவான்.”

“இங்கயே மாத்துங்க. என் நம்பருக்கு.”

“உங்களுக்குச் சுகர் இல்லையே. திட்டத்துல இடமில்ல.”

“அப்ப பூட்ட மட்டும் எடுத்துவிடுங்க.”

“ஒருத்தருக்கு எடுத்தா எல்லாரும் கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

அவர் பேச்சை மாற்றினார். விசாரணை முடிந்துவிட்டது என்றார். பம்ப் எச்சரித்தும் பயனாளி தானாகவே அளவுக்கு மேல் மருந்து எடுத்துக்கொண்டார் என்பதுதான் முடிவு. அதை நான் ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“பம்ப் போடாதன்னு சொல்லிச்சு. பெட்டி போடுன்னு சொல்லிச்சு. ரெண்டும் உங்களோடதுதான சார்,” என்றேன்.

எழுந்து நின்றார். நாளை மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொன்னார். அதற்குள் நாய்க்கு எதுவும் ஆனால் பொறுப்பு என்னுடையது என்றார். நான் நாயைத் தர மாட்டேன் என்றேன். பட்டினி கிடந்து சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்களா என்றார். தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவரிடம் கொடுத்தால் பாவக்கா பிழைப்பான். வேறொரு பிள்ளையின் கட்டிலின் முன்னால் போய் உட்காருவான். அதற்கும் ஒருநாள் காய்ச்சல் வரும்.

அன்று சாயங்காலம் காயல்பட்டினத்திலிருந்து சஃப்ரின் வந்தாள். பதினேழு வயது. பெட்டி வாங்கிய பிள்ளைகளுக்காகப் பியூலா ஃபோனில் நடத்திய குழுவில் இருப்பவள். அவளுடைய பூனையின் பேர் மக்ரூன், தூத்துக்குடி இனிப்பின் பேர். வாப்பா வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். வீட்டுக்குள் வந்தவள் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நேராகப் பாவக்காவிடம் போனாள். கழுத்தைச் சொறிந்துவிட்டாள்.

“கையால தின்னானாண்ணே?”

“இல்ல.”

“ஒரு வாய்கூட?”

“இல்ல.”

அவள் முகம் சிவந்திருந்தது. காய்ச்சல். தொட்டுப் பார்க்காமலே தெரிந்தது. தொண்டை வலி, நேற்றிலிருந்து நம்பர் இறங்கவில்லை, மக்ரூனின் பெட்டி திறக்கவில்லை என்றாள். நாளை இரவுக்குள் திறக்காவிட்டால் வண்டி வந்துவிடும். ஊசி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். தோள்பையைத் தொட்டுக்கொண்டாள்.

“போடாத.”

“பியூலாக்கா உங்ககிட்ட கேட்டுட்டா போட்டாங்க?”

கேட்டுவிட்டு அவளே சட்டென்று குனிந்துகொண்டாள். பாவக்காவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொன்னாள்.

“குழுவுல எல்லாரும் இவனப் பத்தித்தான் கேக்காங்க. இவன் வேற வழியில தின்னுட்டான்னா, பெட்டி சும்மா ஒரு தகரம். இவனால முடியலன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. நம்பர் ஏறுனா ஊசியத்தான் எடுக்கணும். மக்ரூன விட முடியாதுண்ணே. உம்மா வாப்பாகிட்டகூடச் சொல்லாததெல்லாம் அவகிட்டதான் சொல்லுவேன்.”

நாளை சாயங்காலம் வரை ஊசியைத் தொட மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அதற்குள் என்ன மாறிவிடும் என்று அவள் கேட்கவில்லை.  அவள் போன பிறகு பாவக்காவின் முன்னால் உட்கார்ந்து, தின்னு என்றேன். பலமுறை சொன்னேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். அவன் என் கையை நக்கினான். கையிலிருந்த ஈரலைத் தொடவில்லை.

மறுநாள் காலை பியூலாவின் அம்மா வந்தார். துக்க வீட்டில் அத்தனை நாளும் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சாப்பாடு தந்தார்கள். நாய்க்கு முட்டை அவிக்கவும் எனக்குக் காப்பி போடவும் மின் அடுப்பு இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. துக்க ஜெபம் முடிந்தபின் பெண் வீட்டார் வந்து மீன் சமைத்து அடுப்பைத் துவக்கிக் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அத்தை ஒரு பை நிறையச் சாளை மீன் கொண்டுவந்திருந்தார்.

பாவக்காவைத் தாண்டிப் போகும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டார். இந்த நாயால்தான் தன் பிள்ளை போனது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். என்னிடம் சொன்னதில்லை. இன்று சொன்னார்.

“அவங்கதான் கேக்காங்கல்லா மாப்ள. குடுத்து விட்டுருங்க. எனக்கு இதப் பாக்க முடியல.”

பிறகு பேசுவோம் என்றேன். மீனுக்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் எடுக்கப் போனவர் அலமாரியின் முன்னால் நின்றுவிட்டார். இதை ஏன் பூட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்ததே அவர்தான். சுகர் வந்த பிள்ளை இருக்கும் வீட்டில் எதுவும் திறந்து கிடக்காது. சீனி, வெல்லம், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் பூட்டுக்குள். சோற்றுப் பானைக்கும் மூடி, மூடியின் மேல் அம்மிக்குழவி. அப்படியெல்லாம் ஒளிக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னாலும் தாய்மார்கள் கேட்பதில்லை. பியூலா அதைக் கிண்டல் செய்துகொண்டே வளர்ந்தாள். எங்கள் வீட்டிலும் எல்லாம் மூடிதான் இருந்தது. மூடாமல் வைத்தால் அத்தை வரும்போது திட்டு விழும்.

அத்தை என்னிடம் கை நீட்டிச் சாவியை வாங்கினார். கதவை அகலத் திறந்தார். சாவியை ஜன்னல் வழியாக வெளியே போட்டார்.

“யாருக்கு இனி பூட்டு,” என்றார்.

மீன் பொரிந்தது. வீடெல்லாம் வாசனை. அத்தை பொரித்த மீனைத் தட்டில் அடுக்கி, மேடை மேலேயே வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் கை கழுவப் போனார். தட்டை மூடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கும். நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் ஒரு சத்தம் கேட்டது. போனேன். அத்தையும் கொல்லை வாசலில் வந்து நின்றார்.

பாவக்கா பின்னங்கால்களில் நின்றுகொண்டிருந்தான். முன்னங்கால்கள் மேடை மேல். வாயில் ஒரு சாளை.

எங்களைப் பார்த்தான். காது இரண்டும் பின்னால் மடங்கின. ஒரு வாரமாகப் பெரிய மனிதன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவனின் முகத்தில் இப்போது அசல் திருட்டுக் களை. அத்தை அகப்பையை ஓங்கிவிட்டார். பாவக்கா மீனை மெதுவாகத் தரையில் வைத்தான். நாங்கள் பார்த்துவிட்டோம். பார்த்த பிறகு அது நாங்கள் வைத்த உணவுபோல் ஆகிவிட்டது.

அகப்பை அப்படியே நின்றது.

“மாப்ள, அவன் திங்கதான பாத்தான்?”

“ஆமா அத்தை.”

“நாம நிக்கோம், அதான் வச்சிட்டான். திரும்புங்க.”

“என்ன?”

“அந்தப் பக்கம் திரும்புங்க, மாப்ள.”

திரும்பினேன். அவரும் திரும்பினார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நகம் தரையில் உரசியது. பிறகு முள் நொறுங்கும் சத்தம். தட்டு சரிந்து விழுந்தது. அத்தை திரும்பவில்லை. சுவரிடம் பேசினார்.

“அவளும் இப்படித்தான். லட்டத் திருடித் தின்னுட்டு, நான் எடுக்கலன்னு எம்முன்னாலயே நிப்பா. மொகத்தப் பாத்தா ஒரு பச்சப்புள்ளயும் நம்பாது.”

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் பார்க்கவில்லை. யாரும் யாரையும் பார்க்காமல் இருக்க வேண்டிய நேரம் அது.

பிறகு யோசித்தபோது எளிதாகப் புரிந்தது. மனிதன் கொடுப்பதை வாங்காதே என்று பழக்கியிருந்தார்கள். திருடாதே என்று பழக்கவில்லை. அந்த எண்ணமே அவர்களுக்கு வந்திருக்காது. அவர்கள் பார்த்ததெல்லாம் எங்களைப் போன்ற வீடுகள். எல்லாவற்றுக்கும் மூடி போட்ட வீடுகள். இத்தனை வருடத்தில் இந்த மாவட்டத்தில் ஒரு பிராணிக்கும் திருட வாய்ப்பு கிடைத்ததில்லை. பியூலா போனதால்தான் பாவக்காவுக்குக் கிடைத்தது.

சஃப்ரினுக்கு ஃபோன் செய்தேன். மூடியைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடு என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நீயா வைக்காத, நீட்டாத, பாக்காத.”

“பூனைக்குத் திருடக் கத்துக்குடுக்கணுமாக்கும்,” என்றாள். ஃபோனில் பாத்திர மூடி நகரும் சத்தம் கேட்டது.

அடுத்த ஃபோன் வரும்வரை நான் சமையலறையிலேயே நின்றேன். வந்தபோது முதலில் அவள் உம்மா யாரையோ திட்டும் சத்தம்தான் கேட்டது. மக்ரூன் பாதி வஞ்சிர மீனோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாளாம். சஃப்ரின் வெகுநேரம் சிரித்தாள். ஊசி எங்கே என்று கேட்டேன். ஃப்ரிட்ஜில் திரும்ப வைத்துவிட்டதாகச் சொன்னாள். தின்கிற பூனையைப் பட்டினி என்று சொல்லி வண்டியில் ஏற்ற முடியாதே என்றாள். டாக்டரைப் பார்க்க வாப்பாவோடு புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அதைக் குழுவில் போட்டாள். அன்று மதியம் மாவட்டம் முழுக்கப் பல வீடுகளில் மூடிகள் திறந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு முயல் கீரைக்கட்டை இழுத்துக்கொண்டு போனது. சாத்தான்குளத்தில் ஒரு நாய் பக்கத்து வீட்டு இட்லியையும் சேர்த்துத் தின்றுவிட்டுச் சண்டை வந்தது. எல்லாம் படங்களாக வந்தன. படத்தில் பிள்ளைகள் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் சொன்னபடி இளமாறன் வண்டியோடு வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். பாவக்கா அவரை மோந்துவிட்டு அத்தையின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அத்தை அவனைப் பார்க்காத மாதிரி இருந்தார். அந்த வீட்டில் இப்போது அதுதான் பாசம்.

இளமாறன் கோபப்படவில்லை. களைத்திருந்தார். சில பிள்ளைகளின் நம்பர் நேற்றே ஏறத் தொடங்கிவிட்டது என்றார். பெட்டி தேவையில்லை என்று ஆனதும் சிலர் சென்சாரைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இந்தப் பூட்டினால் எத்தனை பேருடைய கண்ணும் சிறுநீரகமும் தப்பித்தன என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“ஒருத்தர் போயிட்டாங்க. எனக்கும் அது வலிக்குது. ஆனா நூறு பேர் நல்லா இருக்காங்க. நீங்க படிச்சவர். இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?”

“பழைய மாதிரி மாத்துங்க. பாத்தாத் தொறக்கட்டும். அதுலயும் நல்லாத்தான இருந்தாங்க.”

“இந்த அளவுக்கு இல்ல.”

“அப்ப அந்த அளவு போதும்.”

“நீங்க முடிவு பண்றதா அது?”

“நீங்க முடிவு பண்றதா?” என்றேன்.

அவர் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பியூலா பாவக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் படம். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: அவன் தின்னுட்டானா? அதன் கீழே சின்ன எழுத்தில், பியூலாவின் கடைசி வார்த்தை. பெட்டியில் பதிவாகியிருந்ததாம். எல்லா ஊர்களிலும் வைக்கப் போகிறார்களாம். இதைப் பார்த்து அழாதவர்கள் இல்லை என்றார். தன்னைவிட ஒரு உயிரை நேசித்தவர், அந்த நேசத்தைத்தான் இந்தத் திட்டம் காப்பாற்ற முயல்கிறது என்றார். மனப்பாடம் செய்ததுபோல் இல்லை. நம்பித்தான் சொன்னார்.

படத்தை எடுத்துவிடச் சொன்னேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். நாயைக் கேட்டார். இல்லை என்றேன். போலீஸோடு வர வேண்டியிருக்கும் என்றார். வரட்டும், வந்து அவர்களும் சுவரைப் பார்த்து நிற்கட்டும் என்று அத்தை உள்ளேயிருந்து சொன்னார். இளமாறன் பெருமூச்சு விட்டார். சரி, பெட்டியையாவது கொடுங்கள் என்றார்.

சமையலறை மூலையைப் பார்த்தார். அங்கே தரையில் ஒரு சதுரத் தடம் மட்டும் இருந்தது. பாவக்கா வேறெதையும் தொடாததால்தான் அது அத்தனை நாளும் வீட்டுக்குள் இருந்தது. மீன் தின்ற அன்றே நான் மின்கம்பியைப் பிடுங்கி, தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனைக் குப்பைத்தொட்டியின் பக்கத்தில் போட்டுவிட்டேன். இளமாறனின் வண்டி அதைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

“அது நிறுவனத்தோட சொத்து சார்,” என்றார். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “யாரைக் கேட்டு அதைத் தெருவுல போட்டீங்க?”

அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குக் காது உண்டு. முழுவதையும் கேட்டிருக்கும். யாரோ உட்கார்ந்து முதல் வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியிருக்கிறார்கள். அது அவராக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவரிடம்தான் சொன்னேன்.

அன்று காலை அவள் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து, அவன் தின்னுட்டானா என்று கேட்டாள். தின்னுட்டான் என்றேன். கண்ணை மூடினாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். மறுபடி திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“அப்ப அந்தப் பெட்டியத் தூக்கித் தெருவுல போடு. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”